சட்டத்தை எழுதி எழுதியே

ஔந்தில் நான் தேநீர் அருந்தும் கடைக்கு வரும் மராத்தியப் பெரியவர் ஒருவர், “நெருக்கடிநிலையில் இரயில்கள் நேரத்துக்கு ஓடின” என்று அடிக்கடி சொல்வார். அந்நாளில் இதே நகரின் எரவாடா சிறையில் விசாரணையின்றி அடைபட்டிருந்தோர் பலர்.

நண்பர்களே, நான் வேதியியல் மாணவன். சட்டம் என்றால் மாறாத விதி என்றே பழகியவன். 1975 சூன் 25 முதல் 1977 மார்ச்சு 21 வரை நடந்தது சட்டத்தை மீறிய ஆட்சி என்று எண்ணியிருந்தேன். படித்த பிறகே தெரிந்தது, அது சட்டத்தை எழுதி எழுதியே நடந்த ஆட்சி! ‘மிசா’வில் பிடிபட்டவனுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று ஓர் அவசரச் சட்டம். உயிருரிமைக்காக வழக்காட இயலாது என்று குடியரசுத் தலைவர் ஆணை. காவலர் ஒருவர் சொந்தப் பகையால் ஒருவனைக் கொன்றால் என்ன பரிகாரம் என்று உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கன்னா கேட்டார். நெருக்கடிநிலை நீடிக்கும்வரை பரிகாரமில்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர். 1976 ஏப்ரல் 28 அன்று நீதிபதிகள் நால்வர் அரசின் பக்கம் நின்றனர். கன்னா ஒருவரே மறுத்தார். பின்னர் தலைமை நீதிபதிப் பதவி அவருக்குக் கிட்டவில்லை.

தமிழகத்தில் 1976 சனவரி 31 அன்று அமைச்சரவை கலைக்கப்பட்ட பிறகு மிசாவின் கை நீண்டது. சென்னைச் சிறையில் அடிபட்ட சிட்டிபாபு 1977இல் மறைந்தார். 1978இன் 44ஆம் திருத்தத்துக்குப் பிறகுதான் உயிருரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்த இயலாது என்றாயிற்று.

இவற்றைப் பெரியவரிடம் சொன்னேன். “அப்போது நாங்கள் படித்த பத்திரிகையில் இதெல்லாம் வரவே இல்லையே!” என்றார்.