‘புட் அப்’ படுத்தும் பாடு

‘புட்’ என்றால் வை. ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்த சொற்கள். ஆனால் இரண்டும் சேர்ந்து ‘புட் அப்’ என்ற கூட்டு வினையாகும்போது, தில்லியில் முப்பது ஆண்டு கோப்பு பார்த்தவர்கள்கூடச் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் ஒரு பெண் மேற்படிப்புக்காக லண்டன் போகிறாள். கல்லூரி விடுதியில் அறை கிடைக்கும்வரை ஒரு வாரம் தங்க இடம் வேண்டும். தந்தையின் பழைய நண்பர் அங்கே இருக்கிறார். அவருக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினாள். ‘கேன் யூ புட் அப் வித் மீ ஃபார் எ வீக்?’ என்று இருந்தது. அவள் கேட்க நினைத்தது, “ஒரு வாரம் என்னைத் தங்க வைத்துக்கொள்ள முடியுமா?” கேட்டதோ, “ஒரு வாரம் என்னைச் சகித்துக்கொள்ள முடியுமா?” தெரிந்தவர் என்றால் சிரித்துவிட்டுப் போவார். முகம் பார்த்திராத பெரியவரிடம் இடம் கேட்கும் முதல் கடிதத்தில் அப்படி இருக்கலாமா? ‘கேன் யூ புட் மீ அப்’ என்று மாற்றினோம். ‘வித்’ போயிற்று, ‘மீ’ நடுவில் வந்தது, அவ்வளவுதான்.

இந்த நடு இடம் முக்கியமானது. விழாவுக்குப் பந்தல் போடுகிறோம். ‘புட் அப் எ பந்தல்’ என்றும் சொல்லலாம், ‘புட் எ பந்தல் அப்’ என்றும் சொல்லலாம். ஆனால் பந்தலுக்குப் பதில் ‘இட்’ என்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும். ‘புட் இட் அப்’ சரி. ‘புட் அப் இட்’ தவறு. ‘வித்’ சேர்ந்துவிட்டாலோ மூன்று சொற்களையும் பிரிக்கவே கூடாது. ‘புட் அப் வித் இட்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு சிறு சொல் சேர்ந்ததற்கா இத்தனை பொருள் மாற்றம் என்று வியக்க வேண்டாம். நம் மொழியிலும் இது உண்டு. “பணத்தை வை” என்றால் கீழே வைத்துவிட வேண்டும். “பணத்தை வைத்துக்கொள்” என்றால் பணம் உங்களுக்கே! ஒரு ‘கொள்’ செய்யும் வேலை இது. தமிழ் கற்கும் வங்காளி நண்பரைக் கேட்டால் நம் ‘கொள்’ளையும் ‘விடு’வையும் பற்றி இதே புலம்பலைக் கேட்கலாம்.

மற்றப் பொருள்கள் எளியவை. கையைத் தூக்குவது, குடையை விரிப்பது, அறிவிப்பைப் பலகையில் ஒட்டுவது, விலையை ஏற்றுவது, தேர்தலில் வேட்பாளரை நிறுத்துவது எல்லாமே ‘புட் அப்’தான். ஒன்றை உயர்த்துவது அல்லது நாலு பேர் பார்வைக்கு வைப்பது என்ற கருத்து இவற்றில் ஓடுவதைக் காணலாம். ‘ஹூ புட் யூ அப் டு திஸ்?’ என்பது மட்டும் வேறு ரகம், “யார் உன்னைத் தூண்டிவிட்டது?” என்று பொருள்.

நம்மில் பலருக்கு மிகப் பழக்கமான பொருள் அலுவலகத்தில் வருவது. ‘ப்ளீஸ் புட் அப்’ என்று அதிகாரி எழுதினால் கோப்பைச் சமர்ப்பிக்க வேண்டும். இ-ஆபீஸ் வந்து காகிதக் கோப்புகள் குறைந்த பிறகும் இச்சொல் ஓய்வு பெறவில்லை. ஆனால் இந்தியத் துணைக்கண்டத்துக்கு வெளியே இந்தப் பொருளில் எழுதினால் பெரும்பாலும் புரியாது. அங்கே ‘சப்மிட்’ என்று எழுதுவதே நல்லது. ‘புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்’ என்ற குறிப்பையும் நம்மவர் அறிவர். முந்தைய தாள்களுடன் சேர்த்து வை என்பது அதன் கருத்து. ஓர் ஆங்கிலேயர் படித்தால், பழைய தாள்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதாக நினைப்பார். சில பழைய கோப்புகளைப் பார்த்தால் அதுவும் பொருத்தமே!

அடுத்தது, ‘வேர் ஆர் யூ புட்டிங் அப்?’ என்ற கேள்வி. கரோல் பாக்கில் இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பவரும் ‘ஐ ஆம் புட்டிங் அப் அட் கரோல் பாக்’ என்கிறார். அக்கால இங்கிலாந்தில் குதிரை வண்டிப் பயணி இரவு விடுதியில் இறங்குவதைக் குறித்த சொல் இது. குதிரையைக் கொட்டிலில் கட்டுவதற்கும் இதே சொல்தான். எனவே இதில் தற்காலிகத் தங்கல் என்ற வாடை உண்டு. நிலையாகக் குடியிருப்பவர் ‘ஐ லிவ் இன் கரோல் பாக்’ என்று சொன்னால் போதும்.

இனி ‘புட் அப் வித்’துக்கு இணையான சொற்கள். ‘டாலரேட்’ சற்று மிடுக்கான சொல். விருப்பமில்லாவிட்டாலும் தடுக்காமல் அனுமதிப்பது. ‘என்டியூர்’ நீண்ட துன்பத்தைத் தாங்குவது. நோய், சிறை, பஞ்சம் போன்றவற்றுக்கு ஏற்றது. ‘ஸ்டாண்ட்’ பெரும்பாலும் எதிர்மறையில் வரும். ‘ஐ கான்ட் ஸ்டாண்ட் இட்’ என்றால் சகிக்கவே முடியவில்லை என்று பொருள். ‘பேர்’ என்பதும் அப்படித்தான். ‘புட் அப் வித்’ அன்றாட முணுமுணுப்புக்கு உரியது. மின்வெட்டு, மேல்வீட்டுச் சத்தம், தாமதமாக வரும் பேருந்து ஆகியவற்றுக்கு அதுவே போதும். ‘என்டியூர்’ என்று எழுதினால் நாடகம் ஆகிவிடும். அதேபோல், நண்பரிடம் ‘புட் மீ அப்’ எனலாம். விடுதிக் காப்பாளருக்கு எழுதும் விண்ணப்பத்தில் ‘அக்காமடேஷன்’ என்றே கேட்க வேண்டும்.

பயிற்சிக்கு மூன்று வாக்கியங்கள் தருகிறேன். “மைசூரிலிருந்து வரும் மாமாவை மூன்று நாள் தங்க வைக்கிறோம்.” “இந்தச் சத்தத்தை இனிமேல் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.” “பொங்கல் விழா அறிவிப்பு எங்கே? அதைப் பலகையில் ஒட்டிவிட்டாயா?” மூன்றையும் ‘புட் அப்’ வைத்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். மூன்றாவதில் வரும் ‘அதை’ எங்கே உட்கார வேண்டும் என்று பார்த்து எழுதுங்கள். விடைத்தாளைச் சங்க நூலகத்தில் கொடுத்தால் திருத்தித் தருகிறேன்.