தனிநீச்சலுக்கும் கரையில் துணை வேண்டும்

நீர்வேலி ஒரு தோட்டக் கிராமம். செம்மண்ணும் வாழையும் கிணறுமே அதன் அடையாளம். இங்குள்ள பிள்ளைகள் பெரும்பாலும் கேணியிலோ குளத்திலோ நீச்சல் பழகுகிறார்கள். பெரியவர்களுக்குத் தெரியாமல் தோட்டக் கிணற்றில் குதித்துப் பழகியவர்களும் உண்டு. கடலும் அதிக தூரமில்லை. புத்தூர், அச்சுவேலி வழியாகச் சைக்கிளை மிதித்தால் ஒரு மணி நேரமளவில் தொண்டைமானாற்றுக் கரையில் நிற்கலாம். விடுமுறை நாட்களில் எமது இளைஞர் சிலர் விடிகாலையில் அப்படிப் போய், கரையோரமாகத் தனியே நீந்தித் திரும்புகிறார்கள். அவர்களுள் ஒருவர் எம்மிடம் கேட்டார்: "ஃபாதர், ஆனந்தனும் தனியத்தானே கடலை நீந்திக் கடந்தவர்? நாங்கள் தனியப் போனால் மட்டும் ஏன் ஏசுறியள்?"

கேள்வி நியாயமானது. அதற்கான விடையையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

தனியே நீந்தியவர்கள்

தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டுப் பாக்கு நீரிணையை நீந்திக் கோடியக்கரையை அடைந்தார். அதற்கு அவருக்கு ஏறத்தாழ 27 மணி நேரம் சென்றது. வல்வெட்டித்துறை மக்கள் 'ஆழிக்குமரன்' என்று போற்றும் குமார் ஆனந்தன் 1971 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும், அங்கிருந்து திரும்பத் தலைமன்னாருக்கும் 51 மணி நேரத்தில் நீந்தினார். ஒரு வழிப் பயணமே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்.

இவற்றைத் 'தனிநீச்சல்' என்கிறோம். அதாவது, உடலை முன்னே கொண்டு செல்பவர் ஒருவரே. அவர் படகைப் பிடிக்கக் கூடாது. மற்றவர் தாங்கவும் கூடாது. ஆனால் பக்கத்தில் துணைப்படகு வரும். அதில் இருப்பவர்கள் திசை காட்டுவார்கள், குடிக்கக் கொடுப்பார்கள், முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆங்கிலக் கால்வாய் நீச்சலில் துணைப்படகும் பார்வையாளரும் கட்டாய விதியாகவே உள்ளன. தனிநீச்சல் என்பது கவனிப்பாரற்ற நீச்சல் அன்று.

துணை இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் எண்ணக் கூடாது. ஆனந்தன் 1984 ஓகஸ்ட் 6 ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். கோடையிலும் அக்கால்வாய் நீரின் வெப்பநிலை 15 முதல் 18 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். எமது கடல் அதைவிட மிகவும் சூடானது. நீரிணையை இரு வழியும் நீந்தியவருக்கே ஒரு கடல் இடம் தரவில்லை என்றால், யாருக்கும் சொல்லாமல் இறங்கும் எமக்கு எந்தக் கடல் இடம் தரும்?

எமக்கு நேர்ந்தது

இதைச் சொல்லும் நாமும் ஒருமுறை அந்தத் தவற்றைச் செய்தோம். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதக் காலை. சேட்டையும் செருப்பையும் மணலில் வைத்துவிட்டு இறங்கினோம். கடல் குளம்போலக் கிடந்தது. கரையோரமாகக் கிழக்கு நோக்கி நீந்தினோம். களைப்பே தெரியவில்லை. நன்றாக நீந்துகிறோம் என்று மனதுக்குள் ஒரு பெருமையும் எழுந்தது. திரும்பிப் பார்த்தபோதுதான் கரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது தெரிந்தது. பனைகள் குட்டையாகத் தெரிந்தன. கரையை நோக்கி நீந்த நீந்தத் தூரம் குறையவில்லை. கை சோர்ந்தது. மூச்சு வாங்கியது. பயம் வந்ததும் அதுவரை தெரிந்த நீச்சலும் மறந்துபோயிற்று.

கரையில் வலை தெரிந்துகொண்டிருந்த முதியவர் ஒருவரே எம்மைக் காப்பாற்றினார். அவர் எம்மைக் காணவில்லை. உரியவர் இல்லாமல் கிடந்த செருப்பைத்தான் கண்டார். கடலைப் பார்த்தார், மகனைக் கூப்பிட்டார், வள்ளத்தைத் தள்ளினார். எம்மை ஏற்றிய பின் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஃபாதர், நீந்தத் தெரியும் எண்டது சரி. ஆரிட்டையாவது சொல்லிப்போட்டே இறங்கினனீங்கள்?" எம்மிடம் பதில் இருக்கவில்லை.

காலைக் கடலின் அமைதி

அன்று எமக்கு நடந்தது என்ன? இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. கடல் அவ்வளவு விரைவாகக் குளிர்வதில்லை. அதனால் பின்னிரவிலும் விடிகாலையிலும் காற்றுத் தரையிலிருந்து கடலுக்கு வீசும். சோளகக் காலத்தில், அதாவது வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையில், தென்மேற்குக் காற்றும் குடாநாட்டைக் கடந்து வட கடலுக்குள் போகிறது. அலை வளர்வதற்குக் காற்று நீர்மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். கரையருகே அந்தத் தூரம் இல்லாததால் நீர் பளிங்குபோல இருக்கும். ஆனால் அதே காற்று மேல்நீரையும், அதில் மிதப்பவரையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வாடைக் காலத்து வட கடல் சீறி எச்சரிக்கை செய்கிறது. சோளகக் காலத்தில் அது எச்சரிப்பதில்லை.

நீரோட்டம் செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்று வைப்போம். பத்து நிமிடத்தில் அது ஒருவரை 300 மீற்றர் கொண்டுபோய்விடும். நீந்துபவருக்கு அது தெரியாது. ஏனெனில் அவரைச் சுற்றியுள்ள நீரும் கூடவே போகிறது. கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை, ஒரு பனையையும் அதன் பின்னாலுள்ள கோபுரத்தையும் போல, அடிக்கடி பார்ப்பவருக்கே அது தெரியும்.

வான் வழியே வெளியேறும் நீர்

வடமராட்சிக் கரையில் பல இடங்களில் முருகைக்கல் பார் உண்டு. அதனிடையே படகு போய்வரும் ஆழமான வழியை 'வான்' என்கிறோம். அலைகள் பாரின்மேல் ஏற்றிவிடும் நீர் திரும்பிச் செல்வதற்கும் அந்த வழியையே தேடும். கல் இல்லை, ஆழம் உண்டு, அலை குறைவு என்று புதியவர் நீந்தத் தெரிவு செய்யும் இடமும் அதுவே. மணற்கரைகளிலும் மணல்திட்டுகளுக்கிடையே இத்தகைய இழுவை உண்டாகும். மழைக்காலத்தில் தொண்டைமானாற்று வாயிலில் நீரேரியின் நீர் கடலுக்குப் பாயும்போதும் இதே நிலைதான்.

இழுவையில் அகப்பட்டவர் அதை எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். இழுவை பெரும்பாலும் ஒடுக்கமானது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு விலகி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். அதற்கும் பலம் இல்லையென்றால் மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி அசைக்க வேண்டும்.

மிதப்பது கடலில் எளிது. எமது அயலிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அறிவோம். உவர்நீர் பாரமானது, ஆகவேதான் நன்னீர் அதன்மேல் தங்குகிறது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்தப் பாரம் எமது உடலையும் சற்றுக் கூடுதலாகத் தாங்குகிறது. ஆகவே நீச்சலின் முதற்பாடம் வேகம் அல்ல, அசையாமல் மிதப்பது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. போகுமுன் வீட்டில் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லுங்கள். கரையில் ஒருவர் கண்பார்வையில் இருக்கட்டும்.

2. அங்குள்ள தொழிலாளரிடம் அன்றைய காற்று, நீரோட்டம், வான் பற்றிக் கேளுங்கள். அவர்கள் 'இறங்காதே' என்றால் இறங்காதீர்கள்.

3. நன்றாக விடிந்த பின் இறங்குங்கள். நெஞ்சளவு ஆழத்தில், கரைக்குச் சமாந்தரமாக நீந்துங்கள்.

4. முதலில் நீரோட்டத்துக்கு எதிராக நீந்துங்கள். களைத்துத் திரும்பும்போது அது துணை செய்யும்.

5. பளிச்சென்ற நிறத் தொப்பி அணியுங்கள். மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்ரிக் கலனொன்றைக் கயிற்றில் கட்டிக் கொண்டுசெல்வதும் நல்லது.

ஒருவர் தத்தளித்தால்

மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சுக்கே போராடுபவருக்குக் குரல் வராது. பயிற்சியில்லாதவர் பாய்ந்து பிடிக்கப் போனால் இருவரும் போவர். கயிறு, தடி, வெறுங்கலன் எதையாவது எறியுங்கள்; வள்ளத்தை அழையுங்கள். கரைசேர்த்தவருக்கு மூச்சில்லையெனில் தலைகீழாகப் பிடிப்பதோ வயிற்றை அமுக்குவதோ கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அம்புலன்சை அழைக்கச் செய்து, உடனே வாய்வழி மூச்சுக் கொடுத்து, நெஞ்சின் நடுவே 30 தடவை அழுத்தி, 2 தடவை மூச்சு என்று தொடருங்கள். இதைப் பயிற்சியாளரிடம் முன்பே பழகியிருக்க வேண்டும்.

அறுந்துபோன பழக்கம்

போர்க்காலத்தில் எமது கடற்கரைகள் பல பாதுகாப்பு வலயங்களாக அடைபட்டுக் கிடந்தன. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை கடல்மேல் ஓர் அச்சத்தை விதைத்தது. இவற்றால், தந்தையோடு கடலுக்குப் போய்க் கடலைப் படிக்கும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்குக் குறைந்துபோயிற்று. இன்று கரைகள் பெரும்பாலும் திறந்துள்ளன, கற்பிப்போர்தான் அருகிவிட்டனர். பிள்ளைகளைக் கடலிலிருந்து விலக்குவது இதற்குத் தீர்வாகாது. தோட்டக் கிராமத்தின் இளைஞரும் கடற்கரைக் கிராமத்தின் முதியவரும் சந்திக்க வழிசெய்வதே தேவை.

எம்மிடம் கேள்வி கேட்ட தம்பிக்கு இதுவே எமது விடை: தனியே நீந்துங்கள், ஆனால் உங்கள் செருப்பு மணலில் தனியே கிடக்கக் கூடாது.

கலந்துரையாடுவோம்

1. எமது கிராமத்தில் நீந்தத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? பெண்பிள்ளைகள் எத்தனை பேர்?

2. கரையோரத் தொழிலாளர் ஒருவரை அழைத்துக் காற்றுகளையும் நீரோட்டங்களையும் பற்றிப் பேசச் செய்ய எமது சங்கத்தால் முடியுமா?

3. கிணறு, கேணி, குளம் ஒவ்வொன்றின் அருகிலும் கயிறும் வெறுங்கலனும் வைக்கும் பொறுப்பை யார் ஏற்பது?