ஆளை அனுப்பும் முன் இடத்தை மாற்றிப் பாருங்கள்

காரிமங்கலம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் 22 வருடம் மேற்பார்வை பார்த்தவன் நான். புதிதாக இந்தப் பொறுப்புக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. ‘இவன் தேறமாட்டான்’ என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். முதல் வருடம் அப்படி ஒரு பையனை நான் அனுப்பிவிட்டேன். அடுத்த வருடம் காரிமங்கலம் வாரச்சந்தையில் அவன் தேங்காய் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தான், ஒரு காய் பிசகாமல். அது இன்றும் எனக்கு உறுத்தல்.

2. வேலை தெரியவில்லையா, பிடிக்கவில்லையா, உடம்பு ஒத்துழைக்கவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். மற்ற இருவருக்கும் வேறு வேலைதான் வழி.

3. பக்கத்தில் நின்று கவனியுங்கள். பழம் வெட்டும் மேசையில் ஒரு அம்மா எப்போதும் பின்தங்கியே இருப்பார். ஒருநாள் அருகில் நின்றேன். ஒவ்வொரு பழத்தையும் காம்புப் பக்கம் முகர்ந்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்த பிறகுதான் கத்தியை எடுத்தார். மறுநாளே அவரைப் பெங்களூரா மாங்காய் பழுக்கவைக்கும் கொட்டகையில் பழம் தரம் பிரிக்க விட்டேன். அரைக்காய் கலந்தால் கூழ் புளிக்கும், நிறம் வெளுக்கும். அவர் கைக்குத் தப்பி ஒரு அரைக்காய் உள்ளே போனதில்லை.

4. இடம் மாற்றினால் கூலியைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அது தண்டனை. பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அவரால் முடிந்த வேறு பணியை அதே ஊதியத்தில் தரவேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்கானது. ஆனால் அதிலுள்ள நியாயம் நம் ஆலைக்கும் பொருந்தும்.

5. நாலு பேர் முன்னால் குறை சொல்லாதீர்கள். டீ நேரத்தில் தனியே கூப்பிட்டு, “உங்களுக்கு எந்த வேலை நல்லா வருதுங்க?” என்று கேளுங்கள்.

6. சீசன் உச்சத்தில் ஆளை மாற்றாதீர்கள். லோடு குறைந்த நாளில் மாற்றி, பழகிய ஒருவரைத் துணைக்கு நிறுத்துங்கள்.

7. எங்குமே பொருந்தவில்லையா? இழுத்தடிக்காமல் நேரில் சொல்லுங்கள். பாக்கியைத் தீர்த்து, தெரிந்த இடத்தில் அவருக்காக ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள்.

ஆளறிந்து வேலை கொடுப்பதற்கென்றே ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார் வள்ளுவர். நாளைக் காலை ஆலைக்குள் போனதும், போன வாரம் நீங்கள் திட்டிய ஆளின் பக்கத்தில் அரைமணி நேரம் நில்லுங்கள்.