கரையில் உழைப்பவளுக்குச் சங்கத்தில் இடம் உண்டா?

விடியற்காலையில் வள்ளம் கரை சேர்கிறது. கணவன் களைத்து இறங்குகிறான். மனைவியோ அதற்கு முன்பே கரைக்கு வந்துவிட்டாள். வலையிற் சிக்கிய நண்டைக் கால் முறியாமற் கழற்றுபவள் அவள். கிழிந்த வலையைப் பொத்துபவள் அவள். விலைபோகாத மீனைக் கீறி, உப்பிட்டுக் கருவாடாக்குபவளும் அவளே. ஆயினும், "கடற்றொழிலாளி யார்?" என்று கேட்டால் நாம் கணவனையே சுட்டிக்காட்டுகிறோம்.

இது நம் கரைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் பிறருடன் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகின் சிறு மீன்பிடித் தொழிலில் உழைப்போரில் ஏறத்தாழப் பத்துக்கு நால்வர் பெண்கள்.

வீட்டிலே அவள் சொல்

வீட்டில் அவளுக்குச் சொல் உண்டு. கடன் எவருக்கு எவ்வளவு, சீட்டுக்காசு எப்போது கட்டுவது, பிள்ளையின் படிப்புக்கு எதை ஒதுக்குவது என்ற கணக்கெல்லாம் அவள் மனத்தில் இருக்கிறது. இழுவைப்படகு வலையை அறுத்துச் சென்றால், முதலில் அடகுக்குப் போவது அவளுடைய நகைதான். 2009இல் முடிந்த போரிற் கணவனை இழந்தவர்களோ முழுச்சுமையையும் தனியே தாங்குகிறார்கள்.

சங்கத்திலே?

எந்த வலையைத் தடுப்பது, எந்த நாளிற் தொழிலை நிறுத்துவது, இறங்குதுறையை எங்கே அமைப்பது, நிவாரணம் யாருக்கு என்பன பேசப்படும் இடம் சங்கம். ஆனால் பல இடங்களில் கடலுக்குப் போகிறவரே தொழிலாளியாக எண்ணப்படுகிறார். கரையில் உழைப்பவள் கணக்கில் வருவதில்லை. அதனால் கருவாடு காயவிடும் இடம், மீன் விற்கும் பெண்களுக்கு நிழல், மலசலகூடம் போன்றவை பேச்சில் எழாமலே போகின்றன. இழப்பு அவளுக்கு மட்டுமன்று; தொழிலின் பாதி அறிவைக் கேளாமல் எடுத்த தீர்மானம் குறையுள்ளதாகவே இருக்கும்.

அக்கரையில் ஒரு பாடம்

மன்னாருக்கு எதிரே, பாம்பன் பகுதியிற் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பாறையிற் கிழிபடாதிருக்க விரல்களிற் துணி சுற்றிக்கொள்வார்கள். பாசி மீண்டும் வளர வேண்டும் என்பதற்காக, மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று அவர்கள் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற அனைத்துலகப் பரிசு கிடைத்தது. தொழிலை அறிந்தவர்கள் கூடித் தீர்மானித்தால் கடலும் காக்கப்படும் என்பதற்கு இது சான்று.

சிறு மீன்பிடித் தொழில் பற்றி 2014இல் உலக நாடுகள் ஏற்ற வழிகாட்டிகளும், தீர்மானங்களிற் பெண்கள் சமமாகப் பங்குகொள்ள வேண்டும் என்றே கூறுகின்றன.

நாம் செய்யக்கூடியவை

1. கரையில் உழைக்கும் பெண்ணையும் தொழிலாளியாகச் சங்கத்திற் பதிதல்.

2. சமையல் நேரத்திலும் மீன் விற்கும் நேரத்திலும் கூட்டம் வையாதிருத்தல். வேளை ஒத்துவராவிட்டால் அழைப்பு வெறும் சொல்லாகிவிடும்.

3. ஒரு பெண்ணைப் பெயருக்கு அமர்த்தாமல், பலரைச் சேர்த்தல். தனித்திருப்பவள் வாய் திறக்கத் தயங்குவாள்.

குடும்பத்திற் பேசுவதற்கு

நம் வீட்டுத் தொழிலில் அம்மா செய்யும் வேலைகள் எவை? அவற்றுக்குக் கூலி கொடுப்பதானால் எவ்வளவு வரும்? கடந்த சங்கக் கூட்டத்தின் தீர்மானத்தை அவரிடம் முன்பே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இன்றிரவு அவரிடமே கேட்டுப் பாருங்கள்.