மாணவரான ஆசிரியர்

1880ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள். கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைக் காண, இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் சென்றார். அவர் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பயின்றவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்பைப் பெற்றவர்.

கற்ற நூல்கள் யாவை என முதலியார் வினவினார். அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ் எனச் சாமிநாதையர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் வியக்கவில்லை. கம்பராமாயணம், பெரியபுராணம் ஆகிய பெருநூல்களைக் கூறியபோதும் அவர் நிறைவடையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். சாமிநாதையர் அந்நூலைக் கண்டதும் இல்லை.

தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர்க்கு அவ்வினா எளிதாக இருந்திருக்காது. வெகுண்டு திரும்பியிருந்தாலும் அவருடைய பதவிக்குக் குறை வந்திராது. ஆயினும், நூல் கிடைத்தால் படிப்பதாக அவர் கூறினார். முதலியாரும் தம்மிடமிருந்த கையெழுத்துப் படியைக் கொடுத்து உதவினார்.

படிக்கத் தொடங்கியதும் புதிய இடர் தோன்றியது. சிந்தாமணி, திருத்தக்க தேவர் என்னும் சமணப் புலவர் இயற்றிய காப்பியம். சைவச் சூழலில் வளர்ந்த சாமிநாதையருக்கு அதிலுள்ள சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையிலும் ஐயங்கள் எழுந்தன. அவற்றைத் தீர்ப்பவர் யார் எனத் தேடியபோது, கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்வதை அறிந்தார். தயங்காது அவர்கள் இல்லம் நாடிச் சென்றார். கல்லூரியில் பாடம் சொல்பவர், அங்கே பாடம் கேட்பவராக அமர்ந்தார். அவர்கள் வழிவழியாகப் போற்றிவந்த சமயக் கருத்துகளைப் பணிவுடன் கேட்டறிந்தார்.

தம் சமயத்தையோ ஆசிரியப் பணியையோ அவர் துறக்கவில்லை. கற்றவன் என்னும் செருக்கை மட்டுமே வாயிலில் இறக்கி வைத்தார். அதனால் மூடியிருந்த கதவு திறந்தது. 1887இல் சீவக சிந்தாமணி அவருடைய பதிப்பாக வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் தொடர்ந்தன. பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையை 1898இல் பதிப்பிக்கும் முன், பௌத்தம் அறிந்தவரிடமும் அவர் மாணவராகவே இருந்தார்.

உலகம் அவரைத் 'தமிழ்த் தாத்தா' என்று போற்றுகிறது. அப்பெருமைக்கு வித்திட்டது, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒரு நாள்.

சொற்பொருள்
முன்சீப் – உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி
ஆதீனம் – சைவத் திருமடம்
வெகுண்டு – சினந்து
இடர் – துன்பம்
செருக்கு – தற்பெருமை

வினாக்கள்
1. முதலியாரின் எந்த வினா சாமிநாதையரின் வாழ்வை மாற்றியது?
2. சாமிநாதையர் சமணர் இல்லத்தை நாடியது ஏன்?
3. அவர் எதைத் துறந்தார்? எவற்றைத் துறக்கவில்லை?
4. 'செருக்கை வாயிலில் இறக்கி வைத்தார்' என்னும் தொடரின் கருத்தை விளக்குக.

செயல்பாடு
வேறு மொழி பேசும் அண்டை வீட்டாரிடமோ நண்பரிடமோ நீ கேட்டுக் கற்ற ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக. கேட்கும் முன் தயங்கினாயா? ஏன்?