தகரம் அடிக்கும் முன்: பழைய பூங்காவின் சீரமைப்பில் பங்கெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பூங்காவைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள் என்றால், பேச வேண்டிய நேரம் போய்விட்டது. நம்மில் பெரும்பாலோர் விழித்துக்கொள்வதே அப்போதுதான். மாநகராட்சி வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு: நிதி அறிவிப்பு, ஆலோசகர் நியமனம், விரிவான திட்ட அறிக்கை, எஸ்டிமேட், டெண்டர், பணி ஆணை. மக்கள் கருத்துக் கேட்பு என்று ஒன்று நடந்தால், திட்ட அறிக்கை முடிந்து வண்ணப் படங்கள் அச்சாகி வந்த பிறகுதான் பெரும்பாலும் நடக்கும். அந்தப் படங்களில் எல்லா மரமும் ஒரே உயரத்தில் நிற்கும், எல்லோரும் இளைஞர்களாக இருப்பார்கள், யாருக்கும் வியர்க்காது. அந்தக் கட்டத்தில் நீங்கள் போய் மாற்ற முடிவது பெஞ்சின் நிறத்தை மட்டும்தான்.

ஆகவே இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி, கூட்டத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது. சட்ட விவரங்கள் தமிழ்நாட்டுக்கானவை. உதாரணங்கள் சென்னையிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வருகின்றன. பூங்காவுக்காகச் சலிக்காமல் சண்டை போட்ட ஊர் நியூயார்க்.

படி 1: நிலம் யாருடையது என்று பாருங்கள்

சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒரு பூங்கா இருந்தது. சார்லஸ் ட்ரெவெல்யன் ஆளுநராக இருந்தபோது, 1859 வாக்கில் தொடங்கியது. நூறு ஏக்கருக்கு மேல் பரப்பு. குளங்கள், பேண்டு வாத்திய மேடை, மிருகக்காட்சி சாலை எல்லாம் அதற்குள் இருந்தன. பிறகு விக்டோரியா பொது மண்டபம் வந்தது, 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது, 1913-ல் ரிப்பன் மாளிகை, அப்புறம் விளையாட்டரங்கம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு மிருகக்காட்சி சாலையும் வண்டலூருக்குப் போயிற்று. இன்று அந்தப் பூங்காவின் மிச்சமாக மை லேடீஸ் பூங்கா போன்ற துண்டுகள்தான் நிற்கின்றன. ஒரே நாளில் யாரும் அதை அழிக்கவில்லை. வந்த ஒவ்வொரு கட்டடத்துக்கும் சொல்வதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது.

அதனால் முதல் வேலை, காகிதம் தேடுவது. தாலுகா அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டை, அதாவது டி.எஸ்.எல்.ஆர். என்று சொல்வார்களே, அதைக் கேளுங்கள். பூங்கா எத்தனை சர்வே எண்களில் கிடக்கிறது, எல்லாம் 'பூங்கா' என்றுதான் பதிவாகியிருக்கிறதா, ஓரத்துத் துண்டு ஏதாவது வேறு துறையின் பெயரில் இருக்கிறதா? சென்னையில் இருந்தால், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பெருந்திட்டத்தில் அந்த இடம் எந்தப் பயன்பாட்டு மண்டலத்தில் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கம் சட்டமும் இருக்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே இங்கே தனிச் சட்டம் வந்துவிட்டது. பெங்களூரு சதாசிவநகரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 'நீங்கள் யார் கேட்க?' என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பிலேயே பதில் இருக்கிறது: அங்கே குடியிருப்பவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு.

படி 2: வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

முதலில் வார்டு அலுவலகத்துக்குப் போய் உதவிப் பொறியாளரிடம் நேராகக் கேளுங்கள். பல நேரம் அவரே சொல்லிவிடுவார். வாய்வார்த்தை போதாது என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

'பூங்கா பற்றிய எல்லா விவரங்களும் வேண்டும்' என்று எழுதினால் ஒன்றும் வராது. ஆலோசகருக்குக் கொடுத்த பணி வரையறை, திட்ட அறிக்கை, தற்போதைய நிலையைக் காட்டும் வரைபடம், உத்தேச வரைபடம், எஸ்டிமேட், வெட்டப்போகும் மரங்களின் பட்டியல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் இதே சட்டத்தில் உரிமை உண்டு. பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை. நகல் பக்கத்துக்குப் பணம் கட்டிக் காத்திருப்பதைவிட, போய்ப் புரட்டுவது சில நேரம் அதிகம் சொல்லும்.

இந்தப் பட்டியலில் பணி வரையறைதான் முக்கியம். ஆலோசகரிடம் 'பூங்காவை அழகுபடுத்துக' என்று கேட்டிருந்தால் செல்ஃபி பாயிண்டும் வண்ண விளக்கு நீரூற்றும் வரத்தான் செய்யும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

படி 3: உட்கார்ந்து எண்ணுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். காரணம், நியூயார்க்கின் பிரையன்ட் பார்க்.

42-வது தெருவில், பொது நூலகத்தின் முதுகுப் பக்கம் இருக்கிறது அது. 1934-ல், நகரப் பூங்காத் துறை ஆணையர் ராபர்ட் மோசஸ் காலத்தில், தெருமட்டத்திலிருந்து உயர்த்தி, கைப்பிடிச் சுவரும் இரும்பு வேலியும் அடர்ந்த புதர்வேலியும் வைத்து மிடுக்காகக் கட்டினார்கள். 1970-களில் அது போதைப்பொருள் விற்பவர்களின் கையில் போய்விட்டது. போலீஸைக் கூட்டுங்கள், கேட்டைப் பூட்டுங்கள் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றிய தீர்வு. வில்லியம் எச். வைட் என்ற சமூக ஆய்வாளர் வேறு விதமாகப் போனார். பொது இடங்களில் மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் கேமரா வைத்துப் பார்த்தவர் அவர். பூங்காவை ஆராய்ந்து அவர் சொன்னது எளிமையானது: தெருவிலிருந்து உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, உள்ளே போனால் வெளியேற வழி குறைவு, அதனால் சாதாரண ஆட்கள் போவதில்லை. ஆளில்லாத இடம் விற்பவர்களுக்குத் தோதாகிவிட்டது.

1988-ல் மூடி, 1992-ல் திறந்தார்கள். பழைய அமைப்பைக் கலைக்கவில்லை. நடுப் புல்வெளியும் இருபுறத்து மர வரிசைகளும் அப்படியே நின்றன. வேலியும் புதரும் போயின, கைப்பிடிச் சுவரில் புதிய வாசல்கள் திறந்தன, நூலகத்தின் புத்தக அடுக்குகள் புல்வெளிக்கு அடியில் போயின. எல்லாவற்றையும்விட முக்கியமாக, தூக்கி நகர்த்தக்கூடிய நாற்காலிகளைப் போட்டார்கள். திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம் ஊர்ப் பொறியாளர் சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. அங்கே அவை இன்றும் கிடக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பூங்காவின் வரைபடத்தைக் கையால் வரைந்து சில நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வார நாள், ஒரு ஞாயிறு. காலை 6, பகல் 11, பிற்பகல் 3, இரவு 7. ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். ஆண், பெண், குழந்தை, முதியவர் என்று பிரித்து எண்ணுங்கள். நடப்பவர், உட்கார்ந்திருப்பவர், படுத்திருப்பவர் யார் யார் எங்கே என்று வரைபடத்தில் புள்ளி வையுங்கள். நிழல் எதுவரை விழுகிறது என்று கோடு போடுங்கள். எந்த வாசலில் கூட்டம், எந்த வாசலில் பூட்டு, கழிப்பறைச் சாவி யாரிடம் என்பதையும் எழுதுங்கள். யாரையும் படம் பிடிக்க வேண்டாம், அது தேவையில்லை, தொந்தரவும் கூட.

பெண்களின் எண்ணிக்கையைத் தனியாகப் பாருங்கள். ஓரிடத்தில் பெண்கள் குறைவாக இருந்தால் அங்கே ஏதோ கோளாறு என்பது வைட்டின் முக்கியமான கண்டுபிடிப்பு. இரவு 7 மணிக்கு மொத்தக் கூட்டத்தில் நாலு பேர்தான் பெண்கள் என்றால், பேவர் பிளாக்கைவிட அவசரமான வேலை அந்தப் பூங்காவில் இருக்கிறது.

படி 4: கூட்டத்துக்கு வராதவர்களிடம் போங்கள்

கருத்துக் கேட்புக்கு வருபவர்கள் யார்? காலை நடைப்பயிற்சிச் சங்கத்தார், ஓய்வுபெற்ற அதிகாரிகள், குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர்கள். பூங்காவை நேசிப்பவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் பூங்காவில் இருப்பது காலை 5 முதல் 8 வரை. எட்டு வடிவ நடைபாதை கேட்பார்கள், திறந்தவெளி ஜிம் கேட்பார்கள், பிறகு பகலில் கேட்டைப் பூட்டச் சொல்வார்கள்.

பகல் 1 மணிக்கு அதே பூங்காவில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பவர் தூய்மைப் பணியாளர். பக்கத்தில் தலைக்கவசத்தைத் தலைக்கு வைத்துக் கால் மணி தூங்குபவர் உணவு டெலிவரி செய்யும் பையன். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, உறவினருக்காகக் காத்திருக்கும் வெளியூர்க் குடும்பமும் இருக்கும். வாசலில் சுண்டல் விற்பவருக்கு அந்த இடத்தைப் பற்றி எந்த ஆலோசகரையும்விட அதிகம் தெரியும். நகரத்தின் நடுவில் இருக்கும் பூங்கா குடியிருப்புப் பூங்கா அல்ல. அதற்கு உரிமை கொண்டாடுபவர்களில் பாதிப் பேருக்கு அந்த வார்டில் ஓட்டே இருக்காது. காதலர்களும் உண்டு. அவர்களை விரட்டத்தான் பாதிச் சீரமைப்புகள் நடக்கின்றனவோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மூன்றே கேள்வி போதும்: எதற்காக வருகிறீர்கள், எது தொந்தரவு, எதைத் தொடக் கூடாது? சொன்னதை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள், பெயர் வேண்டாம். தெருவோர வியாபாரிகளை அப்புறப்படுத்தும் திட்டம் இருந்தால், 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

படி 5: எதைக் காப்பாற்றுவது?

பழையது எல்லாம் பாரம்பரியம் ஆகிவிடாது. 1980-களில் நட்ட சிமென்ட் டைனோசரும் இன்று பழையதுதான். பட்டியலை மரத்திலிருந்து தொடங்குங்கள்: இனம், சுற்றளவு, இருக்கும் இடம். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், அதனால் உங்கள் பட்டியலுக்கு எடை உண்டு. அடுத்து நடைபாதைகளின் போக்கு, வாசல், கிணறு, சிலை, கல்வெட்டு. கட்டடம் இருந்தால், 2010-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டிச் சென்னையில் அமைந்த பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதலாம். தி.நகர் பனகல் பூங்கா மாதிரி மெட்ரோ வேலைக்காக ஒரு பகுதியைக் கொடுத்த இடங்களில் இந்தப் பட்டியல் இன்னும் அவசியம். திருப்பித் தரும்போது என்ன வர வேண்டும் என்று கேட்க, முன்னால் என்ன இருந்தது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

படி 6: கூட்டம்

தமிழ்நாட்டு நகரங்களில் 2022 முதல் வார்டுக் குழுவும் பகுதி சபையும் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அங்கே பூங்காவைப் பொருளாக வைக்கச் சொல்லி கவுன்சிலரிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். கூட்டத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். எண்ணிக்கைத் தாளையும் வரைபடத்தையும் மேசையில் வையுங்கள். பேச்சு காற்றோடு போகும், தாள் கோப்பில் ஏறும். கூட்டக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பிடிவாதமாக மறுக்கும் அதிகாரியிடம் சோதனை ஓட்டம் கேளுங்கள். நியூயார்க் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவுக்குள் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அகலச் சாலையே போட மோசஸ் திட்டமிட்டார். ஷெர்லி ஹேஸ் போன்ற தாய்மார்கள் பல ஆண்டு மல்லுக்கட்டி 1958-ல் தற்காலிகமாகப் போக்குவரத்தை நிறுத்த வைத்தார்கள். சுற்றுத் தெருக்கள் திணறிப்போகும் என்ற ஆரூடம் பலிக்கவில்லை. 1959-ல் அது நிரந்தரமாயிற்று. சென்னை பாண்டி பஜாரிலும் 2019-ல் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்னால் சோதனை ஓட்டம் நடந்தது.

படி 7: காட்டிய படமும் கட்டும் படமும்

அதே வாஷிங்டன் சதுக்கத்தில் இரண்டாவது சண்டை 2005 வாக்கில் வந்தது. பூங்காவின் நீரூற்றை நகர்த்தி, அங்கே நிற்கும் நினைவு வளைவுக்கு நேராக வைக்கும் திட்டம். முக்கிய விவரங்களை அந்தப் பகுதியின் சமூகக் குழுவுக்கு முழுதாகக் காட்டவில்லை என்று 2006-ல் ஒரு நீதிபதி சொன்னார். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. நீரூற்று நகர்ந்தது. வேலை 2014-ல் முடிந்தது. வழக்கில் எதிர்த்தவர்கள் தோற்றார்கள். ஆனால் வரைபடத்தை வரி வரியாகப் படிக்கும் பழக்கம் அந்தப் பேட்டைக்கு வந்துவிட்டது.

டெண்டர் ஆவணத்தில் இருக்கும் அளவுப் பட்டியலைப் படியுங்கள். கூட்டத்தில் 'மண் தரை' என்று சொன்னது அங்கே எத்தனை சதுர மீட்டர் பேவர் பிளாக்காக மாறியிருக்கிறது என்று தெரியும். மரத்தைச் சுற்றி எவ்வளவு இடம் விடுகிறார்கள், நிழலில் எத்தனை இருக்கை, பராமரிப்புக்கு எத்தனை ஆள், எத்தனை வருடம்? தத்தெடுப்பு என்ற பெயரில் தனியாரிடம் போகிறதென்றால் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். தத்தெடுப்பு என்றாலே கெடுதல் இல்லை. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவை ஒரு நிதி நிறுவனம்தான் பராமரிக்கிறது, ஞாயிற்றுக்கிழமையில் குழந்தைகள் மைக் இல்லாமல் கச்சேரி செய்கிறார்கள். நுழைவுக் கட்டணம், விளம்பரப் பலகை, பூட்டும் நேரம் ஆகிய மூன்றையும் யார் முடிவு செய்வது என்று மட்டும் பாருங்கள்.

திறப்பு விழாவுக்குப் பிறகு ஒரு வேலை மிச்சம். ஒப்பந்தக்காரர் தன் செலவில் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம் என்று ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும். அது முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மழை முடிந்ததும் பூங்காவைச் சுற்றி வந்து, தண்ணீர் தேங்கும் இடம், எரியாத விளக்கு, பட்டுப்போன கன்று எல்லாவற்றையும் எழுதி, சென்னையானால் 1913 என்ற மாநகராட்சிப் புகார் எண்ணிலும் மண்டல அலுவலகத்திலும் புகாராகப் பதிவு செய்து, எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு அதே பள்ளத்தை மூட இன்னொரு டெண்டர் வேண்டும்.