தொண்டையில் போடப்படும் பொட்டாக்ஸ் ஊசி: குரலும் விழுங்குதலும்

பொட்டாக்ஸ் என்றதும் முகச் சுருக்கத்தைப் போக்கும் அழகு ஊசிதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் இதே மருந்து, அடைத்து அடைத்து வரும் குரல், தொண்டையில் சிக்கும் உணவு, கழுத்துத் தசை இறுக்கம், ஓயாமல் வடியும் எச்சில் ஆகியவற்றுக்கும் மருத்துவமனைகளில் பயன்படுத்தப்படுகிறது. உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கோ மருத்துவர் இந்த ஊசியைப் பரிந்துரைத்திருந்தால், இதைப் படித்து வீட்டாருடன் பேசுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது?

நம் தசைகள் தாமாக இயங்குவதில்லை. "சுருங்கு" என்ற செய்தியை நரம்பு ஒரு வேதிப்பொருள் மூலம் தசைக்கு அனுப்புகிறது. பொட்டுலினம் என்ற மருந்து அந்தச் செய்தியைத் தடுக்கிறது. அதனால் அளவுக்கு மீறி இறுகும் தசை சற்றுத் தளர்கிறது.

இம்மருந்து ஒரு வகைக் கிருமி உண்டாக்கும் நச்சிலிருந்து எடுக்கப்படுகிறது. "நச்சு" என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். மிகச் சிறிய அளவில், சரியான தசையில், பயிற்சி பெற்ற மருத்துவர் போடும்போது இது பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் சிகிச்சை. ஆனாலும் அது சாதாரண ஊசி அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

ஊசி போட்ட அன்றே மாற்றம் தெரியாது. பெரும்பாலும் சில நாட்களில் தொடங்கி, ஏறத்தாழ 2 வாரங்களில் முழுப் பலன் தெரியும். தசைகளில் போடும் ஊசியின் பலன் பொதுவாக 3 முதல் 4 மாதங்கள் நீடிக்கும். பிறகு நரம்பு மீண்டும் செய்தி அனுப்பத் தொடங்கும். தேவைப்பட்டால் மருத்துவர் மறுபடியும் ஊசி போடுவார்.

யாருக்கு இது உதவும்?

• குரல் இறுக்கம்: பேசும்போது குரல்நாண்கள் தாமாக இறுகி, குரல் நெரிபட்டு, சொல் பாதியில் அறுந்துபோகும். தொலைபேசியில் பேசுவதும் காப்பிக்கடையில் உணவு கேட்பதும்கூடச் சிரமமாகிவிடும். இதற்கான ஊசி பெரும்பாலும் கழுத்தின் முன்புறத் தோல் வழியாகப் போடப்படுகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

• விழுங்கும்போது தளராத தசை: தொண்டையின் அடியில், உணவுக்குழாயின் வாயிலில், வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் உணவு அங்கேயே நிற்கும். உணவுக்குழாயின் கீழ் முனையிலுள்ள தசையிலும் இதே கோளாறு வரலாம். அறுவை சிகிச்சை தாங்க முடியாத மூத்தோருக்கு ஊசி ஒரு வழியாக இருக்கும்.

• எச்சில் வடிதல்: பார்க்கின்சன் நோய் அல்லது பக்கவாதம் உள்ளவர்களுக்கு எச்சில் சுரப்பிகளில் போடப்படுகிறது.

யாருக்கு இது உதவாது?

வயதானவர்களுக்கு வரும் எல்லாக் குரல் மாற்றத்துக்கும், எல்லா விழுங்குதல் சிரமத்துக்கும் இது மருந்தல்ல. முதுமையால் குரல்நாண்கள் மெலிந்து குரல் தேய்ந்திருந்தாலும், பக்கவாதத்தால் தொண்டைத் தசை வலுவிழந்திருந்தாலும், தளரவைக்கும் ஊசி நிலைமையை மோசமாக்கலாம். அதனால்தான் மருத்துவர் முதலில் தொண்டையைப் பரிசோதித்து, காரணத்தைக் கண்டுபிடிக்கிறார். "அவருக்குப் போட்டார்கள், எனக்கும் போடுங்கள்" என்று கேட்பதைவிட, "என் சிரமத்துக்கு என்ன காரணம்?" என்று கேளுங்கள்.

முதல் 2 வாரங்களில் ஏன் கவனம் தேவை?

குரல்நாண்களுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, குரல் எழுப்புவது. மற்றொன்று, நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடிக் காப்பது. ஊசியால் அவை தளரும்போது முதல் வேலை எளிதாகிறது. ஆனால் இரண்டாவது வேலை சில நாட்களுக்குக் குறையலாம். குரல் காற்றோடு கலந்து மெலிதாக வரும். தண்ணீர் குடித்தால் புரையேறும். பொதுவாக இது சில நாட்களில், அல்லது ஓரிரு வாரங்களில் சரியாகிவிடும்.

கழுத்து இறுக்கத்துக்கும் எச்சிலுக்கும் போடும் மருந்தும் அருகிலுள்ள தொண்டைத் தசைகளுக்குப் பரவி, விழுங்குவதைச் சிரமமாக்கலாம்.

புரையேறுவதைச் சிறு விஷயமாக எண்ண வேண்டாம். உணவோ தண்ணீரோ நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். மூத்தோருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பாதுகாப்பாகச் சாப்பிட

• நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். படுத்தபடி தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம்.
• சிறு சிறு வாயாக உண்ணுங்கள். ஒரு வாயை விழுங்கிய பிறகே அடுத்ததை எடுங்கள்.
• தொலைக்காட்சியை நிறுத்துங்கள். வாயில் உணவு இருக்கும்போது பேச வேண்டாம்.
• சாப்பிட்ட பிறகு சுமார் 30 நிமிடங்கள் நிமிர்ந்தே இருங்கள்.
• தண்ணீர், தேநீர், ரசம் போன்றவை புரையேறினால் பேச்சுச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். கெட்டிப்படுத்தும் மாவு தேவையா, எவ்வளவு கலப்பது என்று அவர் சொல்வார். நீங்களாகத் தொடங்க வேண்டாம்.
• மாத்திரை விழுங்கச் சிரமமாக இருந்தால், நசுக்குவதற்கு முன் மருந்தாளரைக் கேளுங்கள். சில மாத்திரைகளை நசுக்கக்கூடாது.

ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

• தசைச் சோர்வு நோய் அல்லது வேறு நரம்பு, தசை நோய் இருந்தால்
• ஏற்கெனவே விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால்
• ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிட்டால். நீங்களாக அதை நிறுத்த வேண்டாம்.
• அண்மையில் கிருமிக்கொல்லி மருந்து எடுத்திருந்தால். சில வகைகள் ஊசியின் வேகத்தைக் கூட்டும்.
• அழகுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ முன்பு பொட்டாக்ஸ் போட்டிருந்தால். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், எத்தனை அலகு என்பதை மருத்துவமனை அட்டையில் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு நிறுவனத்தின் மருந்தின் அலகும் இன்னொன்றின் அலகும் சமமல்ல.

உடனே உதவி தேடுங்கள்

பின்வருபவை ஊசி போட்ட சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரங்கள் கழித்தும் வரலாம்.

மூச்சுத்திணறல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, உடல் முழுவதும் தசைத் தளர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஏற்பட்டால் 995-ஐ அழையுங்கள். "நாளை காலை பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்க வேண்டாம். ஊசி போட்ட விவரத்தை அவசர மருத்துவ உதவியாளரிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வேளையும் புரையேறுதல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தல், காய்ச்சல், சளி, இரட்டைப் பார்வை, கண்ணிமை தொங்குதல் ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவமனையை அழையுங்கள்.

இன்னும் மருத்துவரைப் பார்க்கவில்லையா?

குரல் 3 வாரங்களுக்கு மேல் கரகரப்பாக இருந்தாலோ, அடிக்கடி புரையேறினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட வேண்டாம். பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சொல்லுங்கள். அவர் தேவைப்பட்டால் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்புவார்.

பராமரிப்பாளர்களே, வீட்டுப் பெரியவர் பேச்சைக் குறைத்துக்கொண்டாலோ, எல்லாரோடும் அமர்ந்து சாப்பிடாமல் ஒதுங்கினாலோ கவனியுங்கள். கோபமோ பிடிவாதமோ காரணமாக இல்லாமல் இருக்கலாம். பேசவும் விழுங்கவும் முடியாததைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். அருகில் உட்கார்ந்து கேளுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உடன் செல்லுங்கள்.